சென்னையில் வாடகை வீடு: ஓனரிடமா, ப்ராப்பர்ட்டி மேனேஜரிடமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னைக்கு வந்து 18 வருடம் ஆகிறது. இதுவரை ஐந்து வீடுகள் மாறியிருக்கிறேன். மூன்றில் ஓனரிடம் நேராகப் பேசிக் குடிபோனோம். இரண்டில் ஓனர் வெளியூரில் இருந்தார், இடையில் ஒரு மேனேஜர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டார். சொந்தக்காரர்களும் அலுவலக நண்பர்களும் வீடு தேடும்போது திரும்பத் திரும்ப ஒரே கேள்விகளைத்தான் என்னிடம் கேட்கிறார்கள். அவற்றுக்கான பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். சட்டம் பற்றிச் சொல்வதெல்லாம் தமிழ்நாட்டுக்கு மட்டும்.

ப்ராப்பர்ட்டி மேனேஜர் என்றால் யார்? புரோக்கரும் அவரும் ஒன்றுதானே?

இல்லை. புரோக்கர் வீட்டைக் காட்டுவார், பேசி முடிப்பார், கமிஷன் வாங்கிக்கொண்டு போய்விடுவார். அடுத்த மாதம் குழாய் ஒழுகினால் அவரைக் கூப்பிட முடியாது, கூப்பிட்டாலும் அது அவர் வேலையில்லை. ப்ராப்பர்ட்டி மேனேஜர் ஓனர் சம்பளமோ கட்டணமோ கொடுத்து வைத்திருக்கும் ஆள். வாடகை வசூல், பழுது பார்ப்பது, காலி செய்யும்போது கணக்கு முடிப்பது எல்லாம் அவர் பொறுப்பு. அவர் தனி ஆளாக இருக்கலாம், ஒரு நிறுவனமாக இருக்கலாம், ஓனரின் மைத்துனராகக்கூட இருக்கலாம்.

மூன்றாவதாக ஒரு வகை உண்டு. ஒரு நிறுவனம் ஓனரிடமிருந்து வீட்டைத் தானே வாடகைக்கு எடுத்து, நமக்கு மறுபடி வாடகைக்கு விடும். வெளியே பார்த்தால் மேனேஜர் மாதிரியே இருக்கும். ஆனால் சட்டப்படி அங்கே நாம் உள்வாடகைக்காரர். இந்த வித்தியாசம் தெரியாமல் பணத்தை விட்டவர்கள் பலர். கீழே இதைப் பற்றி விரிவாகச் சொல்கிறேன்.

மேனேஜரைப் பற்றிச் சட்டத்தில் ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது. 1960-ஆம் வருட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை எடுத்துவிட்டு, 2017-இல் தமிழ்நாடு அரசு நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தப் புதுச் சட்டம் கொண்டுவந்தது. 2019 பிப்ரவரி 22 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. அதில் ப்ராப்பர்ட்டி மேனேஜர் என்று தனியாகவே சொல்லியிருக்கிறார்கள். மேனேஜரை வைத்திருக்கும் ஓனர், அவருடைய பெயர், அவரைத் தான்தான் நியமித்ததற்கான சான்று, எந்தெந்த வேலைக்கு, எவ்வளவு காலத்துக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறார் என்ற விவரங்களை வாடகைதாரருக்குத் தர வேண்டும். வாடகையை ரசீது கொடுத்து வாங்குவதும், அவசியமான பழுதுகளைப் பார்ப்பதும், வாடகை மாற்றம் முதலியவற்றுக்கு நோட்டீஸ் தருவதும் மேனேஜரின் கடமைகளில் வரும்.

ஆகவே "உங்களுக்கு ஓனர் லெட்டர் கொடுத்திருக்கிறாரா, பார்க்கலாமா?" என்று மேனேஜரிடம் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை, நம் உரிமை. ஒழுங்கான மேனேஜர் இதற்குக் கோபப்பட மாட்டார். கோபப்பட்டால் அந்த வீட்டை விட்டுவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.

ஓனரிடம் நேராக எடுப்பதில் என்ன லாபம்?

பேச முடியும் என்பதுதான் பெரிய லாபம். மேற்கு மாம்பலத்தில் நாங்கள் முதல் மாடியில் இருந்தபோது கீழே ஓனர் குடும்பம். என் வேலை போய் இரண்டு மாதம் வாடகை தாமதமானது. ஓனர் அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். "அட்வான்ஸ் இருக்குல்ல, அப்புறம் பாத்துக்கலாம், நீங்க முதல்ல வேலையைத் தேடுங்க" என்றார்கள். நிறுவனத்தின் செயலியில் இப்படி ஒரு பதில் வராது. 6-ஆம் தேதி ஆனால் தாமதக் கட்டணம் தானாக ஏறியிருக்கும்.

வாடகையைக் குறைத்துப் பேசவும் ஓனரிடம்தான் முடியும். மேனேஜருக்கு ஓனர் சொன்ன தொகையிலிருந்து இறங்க அதிகாரம் இருக்காது, கேட்டுச் சொல்கிறேன் என்பார். குழந்தைகளுக்கு பால்கனியில் கம்பி வலை போட வேண்டும், ஒரு ஆணி அடிக்க வேண்டும், ஊரிலிருந்து அப்பா வந்து மூன்று மாதம் தங்குவார் என்றால், நேரில் ஒரு வார்த்தையில் முடிந்துவிடும். இடையில் ஆள் இல்லாததால் சர்வீஸ் கட்டணமும் கிடையாது.

அப்படியானால் சிக்கல் எங்கே?

அதே நெருக்கத்தில்தான். ராத்திரி 10 மணிக்கு கேட்டைப் பூட்டிவிடுவார்கள். யார் வருகிறார்கள், எத்தனை பக்கெட் தண்ணீர் செலவாகிறது, சமையலறையிலிருந்து என்ன வாசனை வருகிறது என்று கவனிப்பார்கள். எல்லா ஓனரும் அப்படி இல்லை, ஆனால் அமைந்துவிட்டால் தினம் தினம் மனவேதனை.

இன்னொன்று, எழுத்தில் எதுவும் இருக்காது. நல்ல மனிதர்தானே என்று நாமும் கேட்க மாட்டோம். வாடகையை ரொக்கமாக வாங்கிக்கொண்டு ரசீது தர மாட்டார்கள். அந்த நல்ல மனிதர் காலமாகி, மகன்கள் கணக்குப் பார்க்க வரும்போது, நாம் கொடுத்த அட்வான்ஸுக்கு நம் வாய்வார்த்தை தவிர ஆதாரம் இருக்காது. என் நண்பர் ஒருவருக்கு இதுதான் நடந்தது. கொடுத்தது ஒன்றரை லட்சம், மகன்கள் ஒப்புக்கொண்டது 75 ஆயிரம். ஓனர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அட்வான்ஸை வங்கி வழியாகக் கொடுங்கள். அவர் மேல் சந்தேகப்பட்டு அல்ல, அவருக்குப் பின்னால் வருகிறவர்களுக்காக.

மேனேஜர் மூலம் எடுப்பது யாருக்கு ஒத்துவரும்?

வேலை நிமித்தம் இரண்டு வருடம் சென்னைக்கு வருபவர்கள், தனியாக இருக்கும் பெண்கள், பேச்சிலர்கள், இவர்களுக்கு. அப்புறம், ஓனர் துபாயிலோ நியூஜெர்சியிலோ இருக்கும் வீடு பிடித்துப்போனால் வேறு வழியும் இல்லை. பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் பெருங்குடி, சோழிங்கநல்லூர், நாவலூர் அடுக்குமாடிகளில் பல வீடுகள் முதலீட்டுக்காக வாங்கியவை. அங்கே ஓனர் முகத்தையே பார்க்காமல் மூன்று வருடம் குடியிருந்தவர்கள் உண்டு.

நல்ல மேனேஜர் அமைந்தால் உண்மையிலேயே நிம்மதி. பெருங்குடி வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாத்ரூம் சுவருக்குள் பைப் வெடித்துத் தண்ணீர் ஹாலுக்கு வந்துவிட்டது. மேனேஜர் ஒரு மணி நேரத்தில் பிளம்பரோடு வந்து நின்றார். ஓனரிடம் நேராக எடுத்திருந்தால், சிங்கப்பூரில் அவர் போனை எடுத்து, தெரிந்த பிளம்பரைத் தேடி, கூலி பேசி முடிப்பதற்குள் பொழுது போயிருக்கும்.

பேச்சிலர், அசைவம், தனியாக இருக்கும் பெண்: எங்கே வீடு கிடைக்கும்?

இதை மழுப்பாமல் சொல்கிறேன். சென்னையில் பல ஓனர்கள் "வெஜிடேரியன் ஒன்லி", "ஃபேமிலி ஒன்லி" என்று போர்டிலேயே எழுதுகிறார்கள். போர்டில் எழுதாதவர்கள் பெயர் கேட்டு, ஊர் கேட்டு, சொந்த ஊரில் எந்தத் தெரு என்று கேட்டு சாதியைத் தெரிந்துகொள்ளப் பார்ப்பார்கள். மதம் தெரிந்ததும் "இன்னொருத்தர் அட்வான்ஸ் கொடுத்துட்டாங்க" என்பார்கள். வீடு தேடி அலைந்த முஸ்லிம், தலித் நண்பர்கள் இதைச் சொல்லும்போது அவர்கள் குரலில் இருக்கும் சோர்வு எனக்கு மறக்கவில்லை.

நிறுவனங்கள் பெரும்பாலும் சம்பளச் சீட்டையும் ஆதாரையும் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்கின்றன. ஓனர் தன் நிபந்தனைகளை அவர்களிடமும் சொல்லி வைத்திருப்பார் என்றாலும், முகத்துக்கு நேரே விசாரணை குறைவு. ஆறு வீடு ஏறி இறங்கி மனம் நொந்தவர்கள் அந்த ஒரு காரணத்துக்காகவே கூடுதல் கட்டணம் கொடுத்து நிறுவனம் வழியாகப் போகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அட்வான்ஸை யாரிடம் கொடுக்க வேண்டும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். அட்வான்ஸ் ஓனரின் வங்கிக் கணக்குக்குப் போக வேண்டும். வாடகை மேனேஜர் கணக்குக்குப் போனால் பரவாயில்லை, ஏமாந்தாலும் ஒரு மாதப் பணம். அட்வான்ஸ் அப்படி இல்லை. 25 ஆயிரம் வாடகைக்கு ஆறு மாத அட்வான்ஸ் என்றால் ஒன்றரை லட்சம். ஒரு நடுத்தரக் குடும்பத்துக்கு அது பல வருடச் சேமிப்பு.

வேளச்சேரியில் நாங்கள் இருந்த வீட்டுக்கு அட்வான்ஸை ஒரு நிர்வாக நிறுவனம் தன் கணக்கில் வாங்கிக்கொண்டது. காலி செய்தபோது நிறுவனம் "ஓனர் அனுப்பியதும் தருகிறோம்" என்றது. ஓனரைத் தேடிப் பிடித்துக் கேட்டால், "என் கைக்கு ஒரு ரூபாயும் வரவில்லை, அவர்களிடமே இருக்கிறது" என்றார். ஏழு மாதம் அலைந்தேன். கடைசியில் பணம் வந்தது, ஆனால் அந்த ஏழு மாதத்தில் புது வீட்டு அட்வான்ஸுக்காக அடகு வைத்த நகைக்கு வட்டி கட்டியது திரும்பி வரவில்லை.

அதற்குப் பிறகு நான் வைத்திருக்கும் வழக்கம் இது. அட்வான்ஸ் தொகை, எந்தக் கணக்கிலிருந்து எந்தக் கணக்குக்கு, எந்தத் தேதியில் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்வேன். நிறுவனத்தின் கணக்கில்தான் போட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், "இந்தத் தொகையைத் திருப்பித் தரும் பொறுப்பு எனக்கு உண்டு" என்று ஓனர் கையெழுத்திட்ட கடிதம் கேட்பேன்.

எத்தனை மாத அட்வான்ஸ் கேட்கலாம்?

முன்பு சென்னையில் 10 மாதம் என்பது எழுதாத விதி. புதுச் சட்டம், ஒப்பந்தத்தில் வேறு விதமாக ஒத்துக்கொண்டாலொழிய, 3 மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது. "ஒத்துக்கொண்டாலொழிய" என்ற வார்த்தையில்தான் ஐந்து மாதமும் ஆறு மாதமும் இன்றும் நடக்கிறது. ஆனால் பேச்சைத் தொடங்க 3 என்ற எண் கையில் இருப்பது நல்லது. நிறுவனங்கள் இதில் சற்று இறங்கி வரும், இரண்டு மூன்று மாதத்திலேயே முடித்துக்கொள்வதும் உண்டு. பழைய ஓனர்கள் இறங்கி வரச் சிரமப்படுவார்கள். ஆடி மாதத்தில் கேட்டுப் பாருங்கள். ஆடியிலும் மார்கழியிலும் யாரும் பால் காய்ச்சிக் குடிபோக மாட்டார்கள், வீடு சும்மா பூட்டிக் கிடக்கும். அப்போது அட்வான்ஸும் குறையும், வாடகையும் குறையும்.

மேனேஜர் உண்மையிலேயே ஓனரின் ஆள்தானா, எப்படித் தெரிந்துகொள்வது?

மூன்று காகிதங்கள் கேளுங்கள்: சொத்து வரி ரசீது, ஈபி பில், ஓனர் கொடுத்த அதிகாரக் கடிதம் அல்லது பவர் பத்திரம். முதல் இரண்டிலும் இருக்கும் பெயரும் கடிதத்தில் கையெழுத்துப் போட்டவர் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். ஈபி இணைப்பு பில்டர் பெயரிலோ பழைய ஓனர் பெயரிலோ இருப்பதும் சகஜம், அதனால் அதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். சந்தேகம் இருந்தால் பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்றைக் காசில்லாமலே பார்க்கலாம். சர்வே எண்ணும் கிராமமும் சார்பதிவாளர் அலுவலகமும் தெரிந்தால் போதும், கடைசியாக யார் பெயருக்குக் கிரயம் ஆகியிருக்கிறது என்று வந்துவிடும்.

அப்புறம் ஓனரோடு ஒரு முறை வீடியோ காலில் பேசுங்கள். வெளிநாட்டில் இருந்தாலும் பத்து நிமிடம் ஒதுக்க முடியாத ஓனர் இருக்க மாட்டார். "உங்கள் வீட்டை இன்னார் மூலம் இவ்வளவு வாடகைக்கு எடுக்கிறேன், இவ்வளவு அட்வான்ஸ் தருகிறேன்" என்று தொகையோடு சொல்லிவிடுங்கள். மேனேஜர் ஓனரிடம் ஒரு வாடகையும் நம்மிடம் ஒரு வாடகையும் சொல்லியிருந்தால் அந்தப் பத்து நிமிடத்தில் வெளிவந்துவிடும். அடுக்குமாடி என்றால் அசோசியேஷன் செயலாளரையும் வாட்ச்மேனையும் விசாரியுங்கள். எந்த வீடு யாருடையது, முன்பு இருந்தவர்கள் ஏன் போனார்கள் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும்.

நிறுவனம் குறைந்த தொகைக்கு லீஸ் தருகிறதாம். நம்பலாமா?

மாத வாடகை இல்லாமல் ஐந்து லட்சம், பத்து லட்சம் என்று மொத்தமாகக் கொடுத்து, போகும்போது முழுசாகத் திரும்ப வாங்குவதைச் சென்னையில் லீஸ் என்போம், ஊர்ப்பக்கம் ஒத்தி, போக்கியம் என்பார்கள். ஓனரிடம் நேராக, பதிவு செய்த பத்திரத்தோடு செய்தால் அது பழைய, நாணயமான ஏற்பாடு.

இடையில் ஒரு நிறுவனம் வந்தால்தான் ஆபத்து. நடப்பது இதுதான். நிறுவனம் ஓனரிடம் வீட்டை மாத வாடகைக்கு எடுக்கும். நம்மிடம் எட்டு லட்சம் லீஸ் வாங்கும். அந்தப் பணத்திலிருந்தே ஓனருக்குச் சில மாதம் வாடகை கட்டும். ஒரு நாள் அலுவலகத்தைப் பூட்டிவிட்டுப் போய்விடும். வாடகை வராத ஓனர் நம் கதவைத் தட்டுவார். நாம் லீஸ் பத்திரத்தைக் காட்டுவோம், அதில் அவர் கையெழுத்தே இருக்காது. இரண்டு பேருமே ஏமாந்தவர்கள், ஆனால் பணம் போனது நமக்கு. சென்னையில் இப்படி வாழ்நாள் சேமிப்பை இழந்து போலீஸ் கமிஷனர் அலுவலகத்துக்கு அலைந்த குடும்பங்கள் உண்டு. ஓனரின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் உள்வாடகைக்கு விடக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. ஓனர் கையெழுத்து இல்லாத லீஸ் பத்திரத்துக்குப் பணம் கொடுக்காதீர்கள், எவ்வளவு குறைவாகக் கிடைத்தாலும்.

ஒப்பந்தம் 11 மாதத்துக்குப் போட்டால் போதுமா? யார் கையெழுத்துப் போட வேண்டும்?

ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும் என்ற பழைய பதிவுச் சட்ட விதியைத் தவிர்க்க வந்ததுதான் 11 மாத வழக்கம். 2017 சட்டத்தில் அந்தக் கணக்கு செல்லாது. எத்தனை மாதமானாலும் எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், அதை இந்தச் சட்டத்தின் கீழ் நியமிக்கப்பட்டிருக்கும் வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். அதற்கென அரசு இணையதளம் இருக்கிறது, பதிவானதும் ஒரு எண் கொடுப்பார்கள்.

நடைமுறையில் பலர் இன்னும் முத்திரைத்தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு அத்தோடு விடுகிறார்கள். பதிவு செய்யலாம் என்றால் வரி பயத்தில் முகம் சுளிக்கும் ஓனர்கள் அதிகம். இதில் நிறுவனங்கள் மேல், கேட்டால் செய்து தருவார்கள்.

கையெழுத்து ஓனருடையதாக இருப்பது உத்தமம். மேனேஜர் போட்டால் "இன்னார் சார்பில்" என்று ஓனர் பெயரும், அவருக்கு அதிகாரம் கொடுத்த கடிதத்தின் தேதியும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும், அந்தக் கடிதத்தின் நகலும் இணைந்திருக்க வேண்டும்.

குழாய் ஒழுகினால் யார் செலவு?

சட்டத்தின் அட்டவணையில் பிரித்துப் போட்டிருக்கிறார்கள். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால் அதுதான் கணக்கு. கட்டடப் பழுது, சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட், தண்ணீர்க் குழாய் மாற்றுவது, ஒயரிங் எல்லாம் ஓனர் பக்கம். டேப், வாஷர், வாஷ்பேசின், கீஸர், சுவிட்ச், பூட்டு, ஜன்னல் கண்ணாடி, கொசுவலை இவை நம் பக்கம்.

காகிதத்தில் இருப்பது இது. வாழ்க்கையில், ஓனர் என்றால் "நீங்களே பாத்துக்குங்க, வாடகையில கழிச்சுக்கலாம்" என்பார், செய்துவிட்டு பில்லை அனுப்பினால் முடிந்தது. மேனேஜர் என்றால் செயலியில் புகார் போட வேண்டும், ஆள் வந்து பார்ப்பார், மதிப்பீடு ஓனருக்குப் போகும், அவர் சரி என்ற பிறகு வேலை. இரண்டாயிரம் ரூபாய் வேலைக்குப் பத்து நாள் ஆனதைப் பார்த்திருக்கிறேன். அதனால் குடிபோகும் முன்பே கேளுங்கள்: ஓனரைக் கேட்காமல் உங்களால் எவ்வளவு ரூபாய் வரை செலவு செய்ய முடியும்? ஐந்தாயிரம் வரை என்றால் நல்ல மேனேஜர். எல்லாவற்றுக்கும் கேட்க வேண்டும் என்றால் அவர் வெறும் தபால்காரர்தான்.

மேனேஜருக்கு நாம் கட்டணம் தர வேண்டுமா?

நிர்வாகக் கட்டணம் ஓனர் தருவது. அவர் வைத்த ஆள், அவருக்கு வேலை செய்கிறார். ஆனால் ஒப்பந்தக் கட்டணம், குடிபுகும் கட்டணம், புதுப்பிக்கும் கட்டணம், ஆன்லைன் வசதிக் கட்டணம் என்று பல பெயர்களில் நம்மிடமும் கேட்பார்கள். வருடத்துக்குச் சேர்த்துக் கூட்டினால் அரை மாத வாடகைகூட வந்துவிடும். எல்லாவற்றையும் எழுதி வாங்கி, நேரடி ஓனர் வீட்டு வாடகையோடு ஒப்பிடுங்கள். புரோக்கர் வழியாக ஓனர் வீட்டுக்குப் போனால் ஒரு மாத வாடகை கமிஷன் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

ஈபி, தண்ணீர் விஷயத்தில் என்ன கவனிக்க வேண்டும்?

ஈபியில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். உங்கள் போர்ஷனுக்குத் தனி இணைப்பு இருந்தால் அந்தச் சலுகை உங்களுக்கு வரும். சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஓனர் வசூலித்தால் வராது. ஒரே இணைப்பில் இரண்டு மூன்று குடும்பம் இருந்தால் 500 யூனிட்டைத் தாண்டிவிடும், தாண்டினால் கணக்கிடும் முறையே மாறி பில் எகிறும். இது நேரடி ஓனர் வீடுகளில் அடிக்கடி வரும் சண்டை. தனி இணைப்பா என்று முதல் நாளே கேளுங்கள்.

தண்ணீரைப் பற்றி மேனேஜரிடம் கேட்காதீர்கள், பக்கத்து வீட்டில் கேளுங்கள். 2019 கோடையில் லாரித் தண்ணீருக்கு எவ்வளவு கொடுத்தீர்கள், 2015 வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேட்டால் சுவரில் கோட்டைக் காட்டுவார்கள். வேளச்சேரி, முடிச்சூர், பள்ளிக்கரணைப் பக்கம் தரைத்தளம் பார்க்கிறீர்கள் என்றால் இதைக் கேட்காமல் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம். கீழே குடியிருக்கும் ஓனர் உண்மையைச் சொல்வார், அவர் வீட்டுக்குள்ளும் வந்திருக்கும்.

நான் இல்லாதபோது மேனேஜர் வீட்டைத் திறக்கலாமா?

கூடாது. ஓனரோ மேனேஜரோ உள்ளே வர 24 மணி நேரம் முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். வாட்ஸ்அப் செய்தியும் எழுத்துதான் என்று எடுத்துக்கொள்ளலாம். தீ, வெள்ளம் போன்ற அவசரம் வேறு. மாற்றுச் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டுவிடுங்கள். தனியாக இருப்பவர்கள் ஓனரிடம் சொல்லிவிட்டுப் பூட்டு மாற்றிக்கொள்வது நல்லது.

ஓனர் வெளிநாட்டில் இருக்கிறார். வரி விஷயத்தில் எனக்கு ஏதாவது பொறுப்பு உண்டா?

உண்டு, பலருக்கு இது தெரிவதில்லை. ஓனர் இந்தியாவில் வசிப்பவர் என்றால், மாத வாடகை 50 ஆயிரத்தைத் தாண்டினால்தான் நாம் டிடிஎஸ் (வாடகையிலிருந்தே கழித்து அரசுக்குக் கட்டும் வரி) பிடிக்க வேண்டும், விகிதம் 2 சதவீதம். ஆனால் ஓனர் வருமான வரிக் கணக்கில் வெளிநாட்டுவாசி என்றால் இந்த வரம்பு கிடையாது. 20 ஆயிரம் வாடகையிலும் வரி பிடித்துக் கட்ட வேண்டும், அதுவும் பொதுவாக 31.2 சதவீதம். குறைந்த விகிதத்துக்கு ஓனர் வருமான வரித்துறையிடம் சான்று வாங்கியிருந்தால் அதன்படி. மேனேஜர் உள்ளூர்க்காரர், அவர் கணக்கில்தான் போடுகிறோம் என்பதால் இது தீர்ந்துவிடாது, வாடகை யாருடைய வருமானம் என்பதுதான் கேள்வி. கையெழுத்துப் போடும் முன் ஓனரின் வரி நிலையைக் கேட்டு, ஒரு ஆடிட்டரிடம் ஒரு முறை காட்டிவிடுங்கள்.

அலுவலகத்தில் வீட்டு வாடகைப் படிக்கு வரிவிலக்குக் கேட்பவர்களுக்கு வருட வாடகை 1 லட்சத்தைத் தாண்டினால் ஓனரின் பான் எண் வேண்டும். மேனேஜருடைய பான் எண் இதற்கு உதவாது.

காலி செய்யும்போது அட்வான்ஸில் எவ்வளவு பிடிப்பார்கள்?

பெயிண்டிங்குக்கு ஒரு மாத வாடகை என்று பிடிப்பது சென்னை வழக்கம். வெள்ளையடிப்பது ஓனர் பொறுப்பு என்று சட்ட அட்டவணை சொன்னாலும், ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதி அதை நம் தலையில் போட்டுவிடுவார்கள். நான் பேசி, "இரண்டு வருடத்துக்கு மேல் இருந்தால் பெயிண்டிங் பிடித்தம் இல்லை" என்று எழுத வைத்திருக்கிறேன். கேட்டால் கிடைக்கும், அதுவும் வீடு ரொம்ப நாள் காலியாக இருந்தால்.

ஓனர் கண்ணால் பார்த்துக் கணக்குச் சொல்வார். மேனேஜர் நிறுவனம் பட்டியல் அனுப்பும்: சமையலறை ஆழ்சுத்தம் இவ்வளவு, ஆணித்துளை ஒன்றுக்கு இவ்வளவு, மங்கிய டேப்புக்கு இவ்வளவு. அந்தப் பட்டியலோடு மோத ஒரே ஆயுதம் நாம் குடிபோன அன்று எடுத்த வீடியோ. சாமான் இறக்கும் முன், வெறும் வீட்டில், ஒவ்வொரு சுவரும் ஒவ்வொரு டேப்பும் தெரிய வீடியோ எடுத்து அன்றே மேனேஜருக்கும் ஓனருக்கும் அனுப்பிவிடுங்கள். ஈபி மீட்டர் எண்ணையும் சேர்த்து எடுங்கள். பெருங்குடி வீட்டில் உடைந்த டைல்ஸுக்கு எட்டாயிரம் கேட்டார்கள். முதல் நாள் வீடியோவில் அந்த டைல்ஸ் உடைந்தே இருந்தது. அனுப்பிய பத்து நிமிடத்தில் அந்த வரி பட்டியலிலிருந்து போய்விட்டது.

பிடித்தம் போக மீதியை ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும் என்பது சட்டம். ஆனால் சாவியைக் கொடுத்த பிறகு நம் கை தாழ்ந்துவிடும். ஓனர்களிடம் "சாவி கொடுக்கும்போது செக்" என்று பேசி முடிக்க முடிகிறது. நிறுவனங்கள் 15 வேலைநாள், 30 வேலைநாள் என்று சொல்லும், அதை ஒப்பந்தத்திலேயே தேதியாக எழுதச் சொல்லுங்கள்.

தகராறு வந்தால்? தண்ணீரை நிறுத்திவிடுவேன் என்று மிரட்டினால்?

தண்ணீர், மின்சாரம், லிஃப்ட், மாடிப்படி விளக்கு போன்ற அத்தியாவசியங்களை ஓனரும் நிறுத்தக் கூடாது, மேனேஜரும் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் மனு கொடுக்கலாம். வீட்டைக் காலி செய்ய வைக்க வாடகை நீதிமன்றத்தின் உத்தரவு வேண்டும், நாலு பேரை அனுப்பிச் சாமானை வெளியே வைக்க யாருக்கும் உரிமை இல்லை. அதே சமயம் வாடகையை நிறுத்திச் சண்டை போடாதீர்கள். இரண்டு மாத வாடகைப் பாக்கி நம்மை வெளியேற்றக் காரணமாகிவிடும். வாடகையை வாங்க மறுத்தால் மணியார்டரில் அனுப்புங்கள், அதுவும் திரும்பினால் வாடகை அதிகாரியிடம் செலுத்தலாம்.

நடுவில் மேனேஜர் மாறினால் வாடகையை யாருக்குக் கொடுப்பது?

புது ஆள் வந்து "இனி என் கணக்கில் போடுங்கள்" என்றால் உடனே போடாதீர்கள். ஓனரிடமிருந்து எழுத்தில் வர வேண்டும், அவர் வழக்கமாகப் பேசும் எண்ணிலிருந்தோ மின்னஞ்சலிலிருந்தோ. வந்ததும் போனில் கூப்பிட்டு ஒரு முறை உறுதி செய்யுங்கள். அதுவரை வாடகையை ஓனர் கணக்கில் நேராகப் போட்டு, போட்டதை இருவருக்கும் தெரிவித்துவிடலாம். இதற்காகவே முதல் நாளே ஓனரின் கணக்கு எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அட்வான்ஸ் பழைய மேனேஜர் கையில் இருந்தால், அது புதியவருக்கோ ஓனருக்கோ போய்ச் சேர்ந்தது என்று ஓனரிடம் ஒரு வரி எழுதி வாங்கி, ஒப்பந்தத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். பழைய மேனேஜர் போன் எடுக்கும் நாட்களிலேயே இதை முடித்துவிட வேண்டும்.